வெயில் காலத்தில் பட்டணம் போய் நண்பரைப் பார்த்து வருவோம்: அளவாகச் சாப்பிடுவோம், நலமாகத் திரும்புவோம்

கூலிம் வட்டார மூத்தோருக்கான சுகாதாரப் பாடம்

இந்தப் பாடத்தைப் படித்த பிறகு, நீங்கள்:

- வெயில் காலத்தில் ஒரு நாள் பயணத்தைப் பாதுகாப்பாகத் திட்டமிடலாம்.
- கடையிலும் நண்பர் வீட்டிலும் உடலுக்கு ஏற்ற அளவில் சாப்பிடலாம்.
- சீனி இறங்கிய மயக்கத்தையும் வெயில் மயக்கத்தையும் அறிந்து உடனே உதவலாம்.

1. நண்பரைப் பார்ப்பதும் ஆரோக்கியமே

கூலிம் ஹைடெக் பூங்கா 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா அதுவே. கூலிம், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்தில் இன்று அறுபதைத் தாண்டிய பலர், அதற்கு முன்பு பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். பிள்ளைகள் இன்று தொழிற்சாலைகளில் மாற்றுப் பணிநேர வேலை செய்கிறார்கள். பேரப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். தாமான் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு, தொலைக்காட்சியோடு பகலைக் கழிக்கும் மூத்தோர் பலர் உண்டு.

தோட்டத்து லயத்தில் அப்படி இல்லை. காலையில் பிரட்டுக்குப் போனால் நான்கு பேர் பேசுவார்கள். தண்ணீர்க் குழாயடியில் பேச்சு இருக்கும். கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் சேர்ந்து வேலை செய்வார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு அந்த அண்டை வீட்டார் பிறை, பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன், சுங்கை பட்டாணி என்று பல இடங்களுக்குப் பிரிந்து போனார்கள். பலர் துக்க வீட்டில்தான் மறுபடி சந்திக்கிறார்கள்.

இது மனக்குறை மட்டுமல்ல. உடல்நலத்தையும் பாதிக்கும் விஷயம். 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றிருந்தனர். நல்ல உறவும் நட்பும் உள்ளவர்கள் உயிர் வாழும் வாய்ப்பு, அவை குறைந்தவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று அந்த ஆய்வு கண்டது. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது.

ஆகவே நண்பர் வீட்டுக்குப் போய் வருவதை வீண் அலைச்சல் என்று நினைக்க வேண்டாம். மருந்து சாப்பிடுவதைப் போல, நடைப்பயிற்சி செய்வதைப் போல, அதுவும் உங்கள் நலத்துக்குத் தேவையானது.

ஆனால் வெயில் காலத்தில் போகும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்: வெயில், சாப்பாடு, மருந்து. இவை மூன்றும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. சாப்பாடு தள்ளிப்போனால் மருந்து சிக்கலைத் தரும். தண்ணீர் குறைந்தால் வெயில் தாக்கும்.

2. நம் வட்டாரத்து வெயிலை அறிந்துகொள்வோம்

கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் தைப்பூசம் முடிந்து சித்திரைப் புத்தாண்டு வரை உள்ள காலமே பொதுவாக அதிக வெப்பமான காலம். மலேசியாவில் பதிவான மிக அதிக வெப்பம் நம் வடக்குப் பகுதியில்தான் ஏற்பட்டது: 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ், சூப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை மூன்று நிலைகளாக அறிவிக்கிறது.

- முதல் நிலை, எச்சரிக்கை: தொடர்ந்து 3 நாட்களுக்கு, நாளின் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி.
- இரண்டாம் நிலை, வெப்ப அலை: தொடர்ந்து 3 நாட்களுக்கு 37 டிகிரிக்கு மேல், 40 டிகிரி வரை.
- மூன்றாம் நிலை, கடும் வெப்ப அலை: தொடர்ந்து 3 நாட்களுக்கு 40 டிகிரிக்கு மேல்.

பயணத்துக்கு முதல் நாள் இரவு வானொலிச் செய்தியைக் கேளுங்கள். அல்லது பேரப் பிள்ளையிடம் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நிலை என்றால் காலையிலேயே கிளம்பி, நண்பகலில் வீட்டுக்குள் இருங்கள். இரண்டாம் நிலையோ மூன்றாம் நிலையோ என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நண்பர் அடுத்த வாரமும் அங்கேதான் இருப்பார்.

வயதானவர்களை வெயில் ஏன் அதிகமாகத் தாக்குகிறது?

- வயதாக ஆக, தாக உணர்வு குறைகிறது. உடலில் தண்ணீர் குறைந்திருந்தாலும் தாகம் தெரியாது.
- வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறனும் குறைகிறது.
- ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் சில மருந்துகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு உடலில் தண்ணீர் சீக்கிரம் குறையும்.

"நான் வெயிலிலே பால் வெட்டினவன், எனக்கு ஒன்றும் செய்யாது" என்று சொல்வோர் உண்டு. அன்று பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கி, மர நிழலில் நடந்தது. இன்று நிற்பது சிமெந்துத் தரையில், பஸ் நிறுத்தத்தில், உச்சி வெயிலில். உடலும் முப்பது வயது உடல் அல்ல.

3. கிளம்புவதற்கு முன்

கூலிமிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போவதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிள்ளைகள் காடியில் அழைத்துப் போனால் பினாங்குப் பாலம் வழியாகப் போகலாம். பஸ்ஸில் போகிறவர்கள் பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரலில் இறங்கி, ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்குக் கடக்கலாம். இந்த ஃபெரிச் சேவை 1894இல் தொடங்கியது. இப்போது ஓடும் புதிய ஃபெரிகள் 2023இல் சேவைக்கு வந்தவை. இவற்றில் காடிகள் ஏற்றப்படுவதில்லை. நடந்து வருகிறவர்களும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களும் போகலாம்.

பையில் வைக்க வேண்டியவை:

- அடையாளக் கார்டு, கிளினிக் கார்டு.
- அன்றைய மருந்தும், திரும்ப நேரமானால் தேவைப்படும் இரவு மருந்தும்.
- நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள். பிள்ளையின் தொலைபேசி எண்ணையும் அதிலேயே எழுதுங்கள்.
- ஒரு புட்டி தண்ணீர்.
- உறையில் சுற்றிய 4, 5 சீனி இல்லாத கிரீம் கிரேக்கர் பிஸ்கட், ஒரு வாழைப்பழம்.
- இனிப்புநீர் உள்ளவர்கள்: 3 தேக்கரண்டி சீனியை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி வையுங்கள். இது தின்பதற்கு அல்ல, ஆபத்துக்கு உதவ.
- குடை, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி.

இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் காடிக்குள் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காடிக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். இன்சுலின் கெட்டுவிடும், பார்ப்பதற்கு மட்டும் எப்போதும்போல இருக்கும். குளிர் தாங்கும் சிறு பையில் வைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டி நேரடியாக அதன்மேல் படவும் கூடாது.

பருத்தித் துணியாக, வெளிர் நிறமாக, தளர்வாக உடுத்துங்கள். செருப்பு பின்பக்கம் பட்டை உள்ளதாக, வழுக்காததாக இருக்கட்டும். ஜார்ஜ்டவுன் கடைத்தெருக்களின் அஞ்சடிகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே படி ஏறும், இறங்கும். பேசிக்கொண்டே நடக்கும்போது இடறி விழுவது எளிது. படி வரும் இடத்தில் பேச்சை நிறுத்துங்கள்.

4. பசியாறாமல் கிளம்ப வேண்டாம்

"சீக்கிரம் போகணும், அங்கே போய்ப் பசியாறிக்கொள்ளலாம்" என்று வெறும் வயிற்றில் மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புவது மிகவும் ஆபத்தானது. பஸ் தாமதமாகும். ஃபெரிக்குக் காத்திருக்க வேண்டி வரும். மருந்து உடலுக்குள் வேலையைத் தொடங்கிவிடும். அது குறைப்பதற்கு உணவு இருக்காது.

வீட்டிலேயே பசியாறுங்கள். 2 இட்லி, பருப்பு நிறைந்த சாம்பார். அல்லது 2 சிறிய தோசை, ஓர் அவித்த முட்டை. அல்லது ஓட்ஸ் கஞ்சி. பானம், சீனி இல்லாத தேநீர் அல்லது வெறும் தண்ணீர்.

நாள் முழுவதற்கும் தண்ணீர் 6 முதல் 8 கிளாஸ் வேண்டும். வியர்த்தால் இன்னும் கொஞ்சம். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் இருப்போர் பலர், குறிப்பாகப் பெண்கள். அப்படிச் செய்ய வேண்டாம். மணிக்கு அரை கிளாஸ் என்று சிறிது சிறிதாகக் குடியுங்கள். பஸ் நிலையத்தில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும். அடர்மஞ்சளாக இருந்தால் போதவில்லை.

இதய நோய், சிறுநீரக நோய் காரணமாக, 'இவ்வளவு தண்ணீர்தான்' என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவையே பின்பற்றுங்கள். வெயில் காலத்தில் அதை மாற்றலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. கடையில் சாப்பிடும்போது: கால், கால், அரை

பினாங்குக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவது எப்படி? சாப்பிடலாம். அளவு தெரிந்தால் போதும்.

சுகாதார அமைச்சு சொல்லும் 'கால் கால் அரை' முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டை மனத்தால் நான்காகப் பிரியுங்கள்.

- கால் பங்கு: சோறு, மீ, சப்பாத்தி, ரொட்டி இவற்றில் ஒன்று.
- கால் பங்கு: மீன், கோழி, முட்டை, பருப்பு, தௌஃபு இவற்றில் ஒன்று.
- அரைப் பங்கு: காய்கறியும் பழமும்.

வாழையிலைச் சாப்பாடு: இலையின் நடுவில் சோற்றைக் கொட்டும்போதே, "பாதி போதும் தம்பி" என்று சொல்லுங்கள். விழுந்த பிறகு மீதம் வைக்க நம் தலைமுறைக்கு மனம் வராது. கூட்டு, கீரை, பொரியல் இரண்டாம் முறை கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை. அப்பளமும் ஊறுகாயும் உப்பு நிறைந்தவை. ருசிக்குக் கொஞ்சம் போதும். ரசமும் மோரும் நல்லவையே; உப்பு அதிகமென்றால் ஒரு கிளாஸோடு நிறுத்துங்கள்.

நாசி கண்டார்: பல குழம்புகளையும் வெள்ளமாக மேலே ஊற்றச் சொல்வது வழக்கம். உப்பும் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் அந்தக் குழம்பில்தான் அதிகம். ஒரு குழம்பை ஓரமாக ஊற்றச் சொல்லுங்கள். பொரித்த கோழிக்குப் பதிலாக மீன் கறி, அதோடு வெண்டைக்காய் அல்லது முட்டைக்கோஸ் கேளுங்கள்.

ரொட்டி சானாய்: ஒன்றே போதும். பருப்புக் கறியோடு சாப்பிடுங்கள். சீனி தொட்டுக்கொள்ள வேண்டாம்.

செண்டோல், ஐஸ் காச்சாங்: ஒரு கிண்ணம் வாங்கி இருவர், மூவர் பகிர்ந்துகொள்ளுங்கள். முதல் நான்கு கரண்டியின் ருசிதான் கடைசிக் கரண்டிக்கும். இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் தவிர்ப்பது நல்லது.

உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். வெளியில் சாப்பிடும் நாளில் ஒரே வேளையில் அதைத் தொட்டுவிடலாம். ஆகவே மதியம் கடையில் என்றால், இரவு வீட்டில் எளிமையாகச் சாப்பிடுங்கள்.

வெயில் காலத்தில் உணவு சீக்கிரம் கெடும். தேங்காய்ப்பால் சேர்த்தது இன்னும் சீக்கிரம். பார்த்து, முகர்ந்து, சிறிது சுவைத்து, சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். ஆவி பறக்கும் சூடான உணவே பாதுகாப்பு. கட்டி வாங்கிய பொட்டலத்தை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். "மிச்சத்தைக் கூலிமுக்குக் கொண்டுபோய் இரவு சாப்பிடலாம்" என்று பகல் முழுவதும் பையில் சுமந்த சோறு, வயிற்றுப்போக்கில் முடியும். வெயிலில் வயிற்றுப்போக்கு வந்தால் வயதானவர் உடலில் தண்ணீர் மிக வேகமாக வற்றிவிடும்.

6. நண்பர் வீட்டில்: அன்பும் அளவும்

உண்மையில் கடையில் கட்டுப்படுத்துவது எளிது. நண்பர் வீட்டில்தான் கடினம். பல ஆண்டு கழித்து வந்தவருக்கு, வீட்டுக்காரர் விடியற்காலையில் எழுந்து சமைத்திருப்பார். வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும். எல்லாவற்றையும் சாப்பிட்டால் நம் உடல் நோகும்.

முதலில் பானத்தைக் கணக்கிடுவோம். கெட்டிப்பால் ஊற்றிய ஒரு கிளாஸ் தே தாரிக்கில் சுமார் 3 முதல் 4 தேக்கரண்டி சீனிக்குச் சமமான இனிப்பு இருக்கும். ஒரு நாளில் மூன்று வீட்டுக்குப் போய், மூன்று வீட்டிலும் ஒரு கிளாஸ் குடித்தால் 9 முதல் 12 தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வைக்கும் உச்ச வரம்பே சுமார் 10 தேக்கரண்டிதான். அதில் பாதியோடு நிறுத்துவது இன்னும் நல்லது என்கிறது. பலகாரத்தை நாம் இன்னும் தொடவே இல்லை.

வழி என்ன? போவதற்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று மறுப்பதைவிட இது எளிது. சமைக்கிறவருக்கும் உதவியாக இருக்கும்.

"தங்கச்சி, நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். எனக்குன்னு பலகாரம் ஒன்னும் செய்யாதே. நம்ம தோட்டத்துல வைப்பியே, முருங்கைக் கீரையும் பருப்பும், அது வை போதும். அதைச் சாப்பிட்டு வருஷம் ஆச்சு."

பழைய உணவை நாமே கேட்டால் அவருக்கு மகிழ்ச்சி. நமக்கும் நல்ல உணவு.

அப்படியும் தட்டில் வைத்தால்:

"ஒரு நாள்தானே அக்கா, சாப்பிடுங்க. ஒன்னும் ஆகாது."

"ருசியாத்தான் இருக்கு தங்கச்சி, அதனாலதான் ஒன்னு சாப்பிட்டேன். டாக்டர் அளவு சொல்லியிருக்காங்க. நான் நல்லா இருந்தாத்தானே அடுத்த மாசமும் உன்னைப் பார்க்க வர முடியும்? கொஞ்சம் ரசம் ஊத்து, போதும்."

வீட்டுக்காரருக்கும் சில வார்த்தைகள். வருகிறவருக்கு இனிப்புநீரா, ரத்தக் கொதிப்பா என்று முன்பே கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 6 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் உள்ளது. 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு ரத்தக் கொதிப்பு. இந்தியர்களிடையே இனிப்புநீர் மற்ற இனத்தவரைவிட அதிகம். ஆகவே உங்கள் வீட்டுக்கு வரும் மூத்தவருக்கு இவற்றில் ஒன்றாவது இருக்கக்கூடும். சீனியைத் தனியாக வையுங்கள். பலகாரத் தட்டுக்குப் பதில் கொய்யா, பப்பாளி நறுக்கி வையுங்கள். சோற்றைச் சொன்ன நேரத்தில் பரிமாறுங்கள். பேச்சு பிறகும் இருக்கும்.

கைநிறையப் பலகாரம் வாங்கிப் போகும் வழக்கத்தையும் மாற்றலாம். ஒரு சீப்பு வாழைப்பழம், வீட்டுக் கறிவேப்பிலை, முருங்கைக்காய் நல்ல அன்பளிப்பு. பழைய படம் ஒன்று இருந்தால் எடுத்துப் போங்கள். அரை நாள் பேச்சுக்கு அது போதும்.

7. சீனி இறங்கிவிட்டால்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கிளிக்லாசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது ஆபத்து. வெயிலில் நடந்தால் இன்னும் வேகமாக இறங்கும்.

எடுத்துக்காட்டாக ஒருவரை நினைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு மாத்திரையோடு ஒரு துண்டு ரொட்டி மட்டும் சாப்பிட்டுக் கிளம்பினார். ஃபெரியில் கடந்து, லெபோ பசார் கடைத்தெருவில் சேலை பார்த்து, வெயிலில் நடந்தார். மணி 11. கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. கூட இருப்பவர்கள், "வெயில்தான், கொஞ்ச நேரம் உட்காருங்க, தண்ணி குடிங்க" என்கிறார்கள். வெறும் தண்ணீர் அவருக்கு உதவாது. அவருக்குத் தேவை சீனி. உட்கார வைத்துவிட்டுக் காத்திருந்தால் அவர் நினைவிழந்துவிடலாம்.

அறிகுறிகள்: கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கடும்பசி, கண் மங்கல், எரிச்சல், பேச்சில் குழப்பம்.

செய்ய வேண்டியவை:

1. நிழலில் உட்கார வையுங்கள்.
2. நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் 3 தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சீனி போட்ட சாதாரணக் குளிர்பானம் அரை கிளாஸும் கொடுக்கலாம். 'சீனி இல்லாதது' என்று எழுதிய பானம் உதவாது. சாக்லெட் வேலை செய்ய நேரமாகும்.
3. 15 நிமிடம் பொறுங்கள். சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு கொடுங்கள்.
4. சரியானதும் பிஸ்கட், வாழைப்பழம் அல்லது சோறு சாப்பிடச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மீண்டும் இறங்கும்.
5. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999ஐ அழையுங்கள்.

இப்படி ஒரு முறை நடந்திருந்தால், அடுத்த முறை கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். பயந்துபோய் நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

8. வெயில் தாக்கினால்

தொடக்க அறிகுறிகள்: அதிக வியர்வை, தலைசுற்றல், தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல். நிழலுக்கு அல்லது குளிர்சாதன அறைக்குப் போங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். ஈரத்துணியால் முகம், கழுத்து, கைகளைத் துடையுங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். அன்று மறுபடி வெயிலில் இறங்க வேண்டாம்.

ஆபத்தான அறிகுறிகள்: உடல் கொதிக்கும் சூடு, உளறல், நிற்க முடியாமை, வலிப்பு, நினைவிழத்தல். உடனே 999. உதவி வரும்வரை உடலை நனைத்து, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

வெயிலா, சீனி இறங்கியதா என்று தெரியவில்லையா? அவர் இனிப்புநீர் மருந்து சாப்பிடுகிறவர், நினைவோடு இருக்கிறார் என்றால், முதலில் சீனித் தண்ணீர் கொடுங்கள். அதே நேரத்தில் உடலையும் குளிர்வியுங்கள். ஒரு முறை கொடுக்கும் 3 தேக்கரண்டி சீனியால் வரும் தீங்கு சிறிது. கொடுக்காமல் விட்டால் வரும் தீங்கு பெரிது.

9. கோயிலுக்குப் போகும்போது பாதத்தைக் காப்போம்

பினாங்கு போனால் கோயிலுக்கும் போவோம். குயின் தெருவில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். முட்டிவலி, மூச்சிரைப்பு, நெஞ்சுவலி உள்ளவர்கள் வெயிலில் அதை ஏற முயல வேண்டாம். அடிவாரத்தில் இருந்தே கும்பிடலாம்.

இனிப்புநீர் நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுடும் கல்தரையில் வெறுங்காலோடு நடந்தால் சுடுவதே தெரியாது; கொப்புளம் பிறகுதான் தெரியும். அது புண்ணாகி, விரலை இழக்கும் நிலைக்கும் கொண்டுபோகலாம். காலை 9 மணிக்கு முன்பு அல்லது மாலையில் போங்கள். வெளிப்பிராகாரத்தில் நிழலான பக்கம் நடங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் அடிப்பாதத்தையும் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

10. ஒரு நாள் திட்டம்

- காலை 6.30: பசியாறல், மருந்து.
- காலை 7.30: கிளம்புதல். வழியில் சிறிது சிறிதாகத் தண்ணீர்.
- காலை 9.30: கோயில் அல்லது கடைத்தெரு, நிழலான பக்கம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.
- காலை 10.30: நண்பர் வீடு. ஒரு பழம், சீனி இல்லாத தேநீர்.
- மதியம் 12.30: சாப்பாடு, மருந்து. தள்ளிப்போடக் கூடாது.
- மதியம் 1.30 முதல் 4 வரை: வீட்டுக்குள் ஓய்வு, பேச்சு.
- மாலை 4: 2 பிஸ்கட், தண்ணீர்.
- மாலை 4.30: திரும்புதல்.
- இரவு 7.30: எளிய சாப்பாடு, மருந்து, பாதத்தைப் பார்த்தல். சேர்ந்துவிட்டதாக நண்பருக்கு ஓர் அழைப்பு.

ஒரே நாளில் நான்கு வீடு என்று அலைய வேண்டாம். ஒரு வீடு, அதிகம் போனால் இரண்டு. நடக்க முடியாமல் படுத்திருக்கும் நண்பர் இருந்தால் அவர் வீட்டுக்கே முதலிடம் கொடுங்கள். அவரால் உங்களைத் தேடி வர முடியாது.

பயணம் செய்ய முடியாதவர்கள் வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு மேல் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வயதின் இயல்பு அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. வெப்பம் இரண்டாம் நிலை என்று அறிவித்தால் பயணத்தை என்ன செய்வீர்கள்?
2. உங்கள் தட்டில் சோறு எவ்வளவு இருக்க வேண்டும்?
3. சீனி இறங்கியவருக்கு எத்தனை தேக்கரண்டி சீனி கொடுக்க வேண்டும்? எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும்?
4. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றலாமா?
5. நீங்கள் நெடுநாளாகப் பார்க்காத நண்பர் யார்?

விடைகள்: 1. தள்ளிப் போட வேண்டும். 2. கால் பங்கு. 3. மூன்று தேக்கரண்டி, 15 நிமிடம். 4. கூடவே கூடாது. 5. அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இந்தப் பக்கத்திலேயே எழுதி, இந்த வாரத்துக்குள் ஓர் அழைப்புச் செய்யுங்கள்.

நெடும்பயணம் போவதற்கு முன், மருந்து நேரத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்று உங்கள் சுகாதாரக் கிளினிக்கில் உள்ள மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். அவசர உதவிக்கு 999.